பொத்தானை அவள்தான் அழுத்த வேண்டும்

ஆஸ்பத்திரி நடைவழித் திருப்பத்தில் இரண்டு டிரிப் ஸ்டாண்டுகள் மோதிக்கொண்டன. சக்கரத்தோடு சக்கரம் சிக்கி, நகர மாட்டேன் என்றன.

"கண்ணு தெரியலையா?" என்றாள் அவள்.

"தெரியுதுங்க... பிரேக்குதான் இல்ல."

நிமிர்ந்து பார்த்தாள். அவளைப் போலவே பச்சை அங்கி, அவளைப் போலவே கூன். வலது விலாவுக்குக் கீழே கையை அணைகொடுத்து நின்றான். தூங்காத கண்கள்... ஆனாலும் அதில் ஒரு குறும்பு, மழை விட்ட பிறகு தகரத்தில் மினுங்கும் ஈரம் மாதிரி.

"நீங்களும் ஈரல் கொடுத்தவரா?"

"அக்காவுக்கு. நீங்க?"

"அப்பாவுக்கு."

அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது? அறுவைச் சிகிச்சைக்கு முன் அவளைச் சுற்றி உறவெல்லாம் நின்றது. இப்போது எல்லோரும் அப்பாவின் கண்ணாடி அறை வாசலில். "உனக்கென்ன, நீ நல்லாத்தானே இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் திரும்பவில்லை.

சாரத்தில் ஏறிச் சுவருக்கு வண்ணம் அடிக்கிறவள். வாளியோடு மாடி ஏறிய உடம்பு, இன்று கட்டிலிலிருந்து கதவுக்கு வருவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. ஸ்டாண்டில் வலிமருந்து இயந்திரம் தொங்கியது. பொத்தானை அழுத்தினால் மருந்து அளவாக நரம்பில் இறங்கும். அவள் அழுத்தவேயில்லை.

ஜன்னலோர பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"நான் லாரி மெக்கானிக்குங்க. எஞ்சினைப் பிரிச்சு மாட்டினா எப்பவும் ரெண்டு போல்ட்டு மிஞ்சும். அதான் டாக்டர்கிட்ட கேட்டேன், ‘எனக்கு எதுவும் மிஞ்சலையே’ன்னு..."

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த நொடி தையல் சுண்டியது. மூச்சு பாதியில் நின்றது. நெற்றியெல்லாம் வியர்வை.

அவன் பதறி அவளுடைய பொத்தானை எடுத்தான்.

"கையை எடுங்க!" நர்ஸ் ஓடிவந்தாள். "அதை அவங்க மட்டும்தான் அழுத்தணும். அசந்து தூங்கறவங்களுக்கு அடுத்தவங்க அழுத்தினா மூச்சே அடங்கிடும்." அவளிடம் திரும்பினாள். "நீயும் கேளும்மா. வலிக்குப் பயந்து இருமாம, மூச்சை இழுக்காம கெடந்தா நெஞ்சுல சளி கட்டிக்கும். யாருக்காக இந்த வீறாப்பு?"

நர்ஸ் போய்விட்டாள். அவன் எதுவும் கேட்கவில்லை, மழையைப் பார்த்தான். கேட்காததால்தான் அவளுக்குச் சொல்லத் தோன்றியது.

"அண்ணன்தான் கொடுக்கறதா இருந்தான். கடைசியில பின்வாங்கிட்டான். நான் முனகினா, ‘பாத்தியா, இது வேணாம்னு நான் அப்பவே சொன்னேன்ல’ம்பான். அப்பா காதுக்குப் போச்சுன்னா அவரு ஒடைஞ்சு போயிடுவாரு."

"அவங்க ரெண்டு பேரும் இங்க இல்லையே. நான்தான இருக்கேன்?"

"அதான் கஷ்டமா இருக்கு..."

"ஏன்?"

"உங்ககிட்ட சொல்லிடலாம்போல இருக்கு."

பொத்தானை எடுத்து அழுத்தினாள். கண்ணீர் முந்திக்கொண்டது.

"ரொம்ப வலிக்குதுங்க... அதைவிட, ஆளில்லாம கெடக்கறது..."

அவன் பெஞ்சில் கிடந்த அவள் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தான். கறுப்பேறிய நகங்கள், வண்ணம் அப்பிய நகங்கள்... தொடவில்லை.

"எனக்கும் வீட்டுக்குப் போனா யாருமில்ல. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்போல இருக்கு. ஆனா இது இடமில்ல... தையல் ஆறட்டும், கேக்கறேன்."

"அதுக்கு நாளாகும்." அவள் கையை நகர்த்தி அவன் கையைப் பிடித்தாள். "இப்பவே கேளுங்க. மருந்து இன்னும் ஏறல... தெளிவாத்தான் இருக்கேன்."