குத்த விடாத கை

விடிந்தும் விடியாததுமாக மாமியாரின் குரல் சமையலறையில் வெடித்தது.

“ஏண்டி, என் சின்னவன் கண்ணெல்லாம் மஞ்சளாக் கிடக்கு! வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சுருண்டு போயிருக்கான். அண்ணன்காரனைக் குடிக்க விட்டுச் சாகடிச்சே... இப்போ இவனையுமா?”

“அவர் குடிக்கவே இல்லை அத்தை...”

ஆறு வருடங்களாக மூத்த மருமகள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். கணையம் வீங்கிச் செத்தவன் குடிகாரன்தான் என்று வீடு முடிவு கட்டிவிட்டிருந்தது. அந்தப் பழியோடுதான் கணவன் விட்டுப்போன ஆட்டுப் பட்டியைக் கட்டிக் காத்தாள். பட்டி நாய்களோடு உருண்டு திரிந்த கொழுந்தனைப் படிக்க வைத்து ஆளாக்கினாள். இப்போது அவன் கண்களைப் பார்த்ததும், பெட்டியிலிருந்து கணவனின் பழைய ஸ்கேன் படத்தை எடுத்துக்கொண்டு, அவனையும் மாமியாரையும் அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

“கணையத்துல நீர்க்கட்டி. பித்தக்குழாயை அழுத்துது,” என்றார் டாக்டர், கொழுந்தனுக்குப் புதிதாக எடுத்த ஸ்கேன் படத்தைக் காட்டி. “ஊசியால குத்தி நீரை எடுத்துட்டா வலி குறையும். கையெழுத்துப் போடுங்கம்மா.”

மாமியார் பேனாவை வாங்கினாள்.

“வேணாம்!” மூத்தவளின் கை காகிதத்தின் மேல் விழுந்தது. “டாக்டர், என் வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் குத்தினாங்க. அடுத்த நிமிஷமே உடம்பெல்லாம் தடிச்சு, மூச்சடைச்சு... போயிட்டாரு! இந்தாங்க, அவரோட படம்.”

“அடிப் பாவி! ஒருத்தனை முழுங்கினது போதாதா? கையை எடுடி!”

மாமியார் பிடித்து இழுத்தும் அந்தக் கை நகரவில்லை. கட்டிலிலிருந்து கொழுந்தன் முனகினான்: “அண்ணி சொல்றதைக் கேளும்மா...”

டாக்டர் இரண்டு படங்களையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். முகம் மாறியது.

“வீட்ல நாய் இருக்கா?”

“பட்டியில நாலு இருக்கு டாக்டர். அறுக்கிற ஆட்டோட கழிவெல்லாம் அதுங்களுக்குத்தான்.”

அவர் ஊசித் தட்டை அப்பால் தள்ளினார்.

இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் மாமியாரை உட்கார வைத்துச் சொன்னார்: “இது புழுக்கட்டிம்மா. ஆட்டுக் கழிவைத் தின்ன நாயோட வயித்துல வளர்ற புழுவோட முட்டை, கையில ஒட்டி வாய்க்குள்ள போயிருக்கு. தெரியாமக் குத்தியிருந்தா, உள்ளே இருக்கிற தண்ணி கசிஞ்சு ஆளையே கொன்னிருக்கும். உங்க பெரிய மகனுக்கும் இதேதான். குடியால வந்ததில்லை.”

கிழவி பெரிய மகனின் பழைய படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சில நாள் மாத்திரை கொடுத்த பிறகு, நான்கு மணி நேரம் அறுவை நடந்தது. கட்டியைச் சுற்றி மருந்துத் துணி பரப்பி, ஒரு சொட்டும் சிந்தாமல் எடுத்தார்கள். கதவு திறந்தது. “பிழைச்சுட்டார்.”

மாமியார் தள்ளாடி எழுந்து வந்து மருமகளின் கைகளைப் பற்றினாள். “குடிக்கலை, குடிக்கலைன்னு கத்தினியேடி... என் வயித்துல பொறந்தவனை நானே குடிகாரனாக்கி வச்சிருந்தேனே!”

“ஆறு வருஷம் அத்தை... அவருக்காக ஒரு நாள் வாய்விட்டு அழ விட்டீங்களா?”

“இப்போ அழுடி... நானும் அழறேன்!”

அந்தத் தோளில் முகம் புதைத்து, இறந்துபோன தன் கணவனுக்காக அவள் முதல்முறையாகக் கதறினாள்.