இடுக்கு இல்லாத அலமாரி

"அலமாரி வெச்சுட்டா அவங்க எப்படிம்மா வெளிய வருவாங்க?"

மகள் இப்படிக் கேட்டபோது அம்மா பெட்டியிலிருந்து புத்தகங்களை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள்.

"யாருடி?" என்றாள் தலை நிமிராமல்.

"என் ரூம்ல, செவுத்துல நிக்கிறவங்க."

"முதல்ல உன் வாய்க்கு ஒரு கதவு போடச் சொல்றேன், இரு."

அந்தக் குழந்தைக்கு வீட்டில் வாயாடி என்றே பெயர். தூக்கத்தில்கூடப் பேசும். அது பேசுவதற்கெல்லாம் காது கொடுத்தால் அடுப்பில் உலை ஏறாது. கணவனுக்கு வெளியூரில் வேலை. புதிதாகக் குடிவந்த அந்த வீட்டில் அம்மாவும் மகளும் மட்டும்தான்.

தச்சர் மகளின் அறையில் அளவெடுத்துக்கொண்டிருந்தார். தூணுக்கும் ஜன்னலுக்கும் நடுவே உள்ளடங்கியிருந்த சுவரில், தரையிலிருந்து ஆளுயரத்துக்கு மேல்வரை தட்டுகள் போட வேண்டும். நேரான மரச்சட்டம் ஒன்றைச் சுவரில் வைத்துப் பார்த்தார். நடுவில் ஒரு மேட்டில் முட்டிக்கொண்டு, சட்டம் இரண்டு பக்கமும் ஆடியது.

"செவுரு மாசமா இருக்குக்கா," என்று சிரித்தார். "கொத்தி எடுத்துப் பூசிட்டு, அப்புறம் தட்டு போடலாம்."

"வேணாண்ணே. பாப்பாவுக்குத் தூசி ஆகாது, இழுப்பு வந்துரும். செவுரு எப்படி இருக்கோ அதுக்கேத்த மாதிரி மரத்தை வெட்டி உக்கார வெச்சிருங்க. எறும்பு நுழைய இடுக்கு இருக்கக் கூடாது."

"எறும்போட மூச்சுகூட நுழையாது, போதுமா?"

தட்டுக்கு ஓர் அட்டையாக எடுத்து, சுவரோடு அணைத்துப் பிடித்து, மேட்டின் வளைவு எப்படிப் போனதோ அப்படியே பென்சிலால் கோடிழுத்து வெட்டினார். மேடு உயரத்துக்கு உயரம் வேறாக இருந்தது. எது எந்தத் தட்டுக்கு என்று அட்டையின் மூலையில் எண் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மரம் வெட்டுமுன் மீண்டும் வைத்துப் பார்த்தபோது, இடுப்புயரத்துக்கான அட்டை மட்டும் பொருந்தவில்லை.

"நேத்து தூங்கிக்கிட்டே வெட்டினேனா என்ன?" என்று தலையைச் சொறிந்துகொண்டு வேறோர் அட்டை வெட்டினார்.

அவர் நகர்ந்ததும் அவள் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். மழைக்காலத்துச் சுவர் சில்லென்று இருக்க வேண்டும். அது, யாரோ இப்போதுதான் எழுந்துபோன தலையணைபோல, இளஞ்சூடாக இருந்தது. துவட்டாத தலைமுடியின் வாடை வேறு. ஓதம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

தட்டுகள் சுவரோடு ஒட்டிப் பிறந்தவைபோல உட்கார்ந்தன. தச்சர் கூலி வாங்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து வாயாடியின் பேச்சு குறைந்தது. கட்டிலில் அலமாரியைப் பார்த்தபடியே படுத்திருந்தாள். முதலில் அம்மாவுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு, சோறு வேண்டுமா என்றால்கூடத் தலையை மட்டும் அசைத்தாள். நெற்றியில் காய்ச்சல் இல்லை.

ஒரு மழைநாள் மாலை, ஜன்னல் தகரத்தில் தண்ணீர் ஓயாமல் கொட்ட, வானம் இருண்டு வீடு முழுவதும் ஈயப் பாத்திரத்தின் உட்புறம்போல மங்கிக் கிடக்க, அம்மா, தச்சர் விட்டுப்போன அட்டைகளைக் கட்டி எறிந்துவிடலாம் என்று கூடத்துத் தரையில் எண் வரிசையில் பரப்பினாள்.

கீழ் அட்டையில், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிறு குழிவுகள். அடுத்ததிலும் இரண்டு, சற்றுப் பெரியவை. அதற்கு மேல் இரண்டும் சேர்ந்து ஒரே குழிவு. அதற்கும் மேல் அகலமாக, தோள்போல. பிறகு குறுகல். உச்சியில் உருண்டையாக ஒன்று. அதன் நடுவில், மூக்கு இருக்க வேண்டிய இடத்தில், ஒரு சின்ன வெட்டு.

இடுப்புயரத்துக்கு மட்டும் இரண்டு அட்டைகள். பழையதில், ஓரத்துச் சிறு குழிவு உடம்போடு ஒட்டியிருந்தது. புதியதில் அது விலகியிருந்தது. கட்டில் பக்கமாக.

கை.

அறைக்குள் சத்தமே இல்லை. மகளின் மூச்சுச் சத்தம்கூட.

ஓடினாள். மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஈரத் தலைமுடியின் வாடை மூக்கை அடைத்தது. தட்டுகளில் புத்தகங்கள் எல்லாம் முன்னால் தள்ளப்பட்டு விளிம்பில் நின்றன. அவற்றின் பின்னால் இருட்டு. அவள் கையை விட்டுத் துழாவினாள். முழங்கைவரை உள்ளே போனது. சுவர் தட்டையாக இருந்தது. மழமழவென்று. மேடு இல்லை. மரத்தில் வெட்டிய குழிவு மட்டும், காலியாக.

குழிவிலிருந்து கையை எடுப்பதற்குள் சுவர் அசைந்தது. மூச்சிழுக்கும் நெஞ்சுபோல, மெல்ல முன்னால் வந்தது. மரம் முனகியது. இழுத்தாள். கை வரவில்லை. சுவருக்கும் மரத்துக்கும் நடுவே கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.

இடுக்கே இல்லை.

"பாப்பா! இங்க வாடி. அம்மாகிட்ட வா."

மகள் எழுந்தாள். தெருவைக் கடக்கும் குழந்தைபோல ஒரு கையைத் தலைக்கு மேல் உயர்த்தியிருந்தாள். விரல்கள் எதையோ சுற்றி மடங்கியிருந்தன. அவள் நடக்க, பக்கத்தில் பெரிய ஈரப் பாதத் தடங்கள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன.

"எங்கடி போற? ஏதாவது பேசுடி! கண்ணு, ஒரு வார்த்தை!"

அறை வாசலுக்கு நேரே தெருக்கதவு. அதன் மேல்தாழ்ப்பாள், நாற்காலி போட்டாலும் மகளுக்கு எட்டாத தாழ்ப்பாள், தானே விலகியது. மழைச்சத்தம் உள்ளே வந்தது.

வாயாடி எதுவும் சொல்லாமல் வெளியே போனாள்.