துயாரா கழற்றிய கையுறை

எங்கள் ஊரில் குளிர்காலக் காலையில் யாரும் முகத்துக்குச் சோப்பு போடுவதில்லை. போட்டால் தோலின் எண்ணெய்ப் பசை போய்விடும். முதல் நாள் இரவே கழுவிக்கொள்வோம். காலையில் கிளம்புவதற்கு அரை மணி முன்னால் கன்னம், மூக்கு, காது எல்லாவற்றிலும் வாத்துக் கொழுப்பைத் தடவுவோம். ஊரே பளபளவென்று இருக்கும். சைபீரியாவில் அழகு என்றால் அதுதான்.

இன்னொரு காவலும் உண்டு. குளிர் கடித்தால் தோல் வெளுத்துவிடும், ஆனால் வலிக்காது. அவரவர் முகம் அவரவருக்குத் தெரியாதே! அதனால் தெருவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே நடப்போம். முன்பின் தெரியாதவர்கூட நிறுத்தி, "மூக்கு வெளுத்திருக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்.

இதில் போய் விளையாடிவிட்டாள் துயாரா.

பத்து வயது அவளுக்கு. வாய் சும்மா இருக்காது. பக்கத்து வீட்டுப் பையன் கெஸ்கிலும் அவளும் ஒன்றாகத்தான் பள்ளிக்குப் போவார்கள். திங்கட்கிழமை, "டேய், உன் மூக்கு வெள்ளை!" என்று கத்தினாள். அவன் இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு வகுப்புக்குள் ஓடி, "டீச்சர், என் மூக்கு போச்சு!" என்று அழுதான். மூக்கு நன்றாகச் சிவப்பாக இருந்தது. வகுப்பே சிரித்தது. செவ்வாய்க்கிழமை, காது என்றாள். அன்றும் ஓடினான்.

புதன்கிழமை கெஸ்கில் சொன்னான்: "இனிமே உன்கூட வரமாட்டேன். என் முகத்தை நீ பார்க்கவே வேணாம்."

துயாரா சமாதானமாகப் போகப் பார்த்தாள். பாலாடையில் பழம் போட்டு உறைய வைத்த இனிப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கெஸ்கில் அதை நாய்க்குப் போட்டான். நாய்க்கு மிகவும் பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை குளிர் பூஜ்யத்துக்குக் கீழே நாற்பத்திரண்டு டிகிரி. தாமதமாக எழுந்த கெஸ்கில் கொழுப்பே தடவாமல் ஓடினான். கழுத்துத் துணியும் நழுவியிருந்தது. பத்தடி பின்னால் துயாரா. அவள் வருகிறாளா என்று பார்த்து முறைப்பதற்காக அவன் திரும்பினான். இடது கன்னத்தில் காசு அளவுக்கு ஒரு வெள்ளை.

"கெஸ்கில், நில்லு! உன் கன்னம் வெளுத்திருக்கு!"

"மூணாவது தடவையும் ஏமாற நான் என்ன மடையனா?"

"சத்தியமாடா!"

"திங்கட்கிழமையும் இப்படித்தான் மூஞ்சியை வச்சுக்கிட்ட."

"அங்க வலிக்குதா?"

"இல்லையே."

"வலிக்கலேன்னாதான்டா ஆபத்து!"

"போடி."

தெருவில் வேறு யாரும் இல்லை. பள்ளிக்கு இன்னும் பத்து நிமிட நடை. அதற்குள் அந்தக் கன்னம் என்னவாகும்? துயாரா ஓடிப்போய் அவன் முன்னால் நின்றாள். இனி எதைச் சொன்னாலும் அவன் நம்பமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது.

அவள் தன் வலது கையின் உரோமக் கையுறையை உருவினாள். உள்ளே இருந்த கம்பளிக் கையுறையையும் உருவினாள்.

கெஸ்கில் அப்படியே நின்றுவிட்டான். அந்தக் குளிரில் வெறுங்கையை வெளியே எடுத்து யாரும் விளையாடமாட்டார்கள்.

அவள் உள்ளங்கையை அவன் கன்னத்தில் வைத்து அழுத்தினாள்.

"நிஜமாவே வெள்ளையா?" அவன் குரல் சிறுத்துவிட்டது.

"பேசாதே, கன்னம் ஆடுது."

"தேய்ச்சுடாதே, தோல் பிஞ்சுடும்!"

"தெரியும்டா. சும்மா நில்லு."

அவள் விரல் நுனிகள் எரிந்தன. கண்ணில் நீர் முட்டியது. கையை மட்டும் எடுக்கவில்லை.

"கையுறையைப் போட்டுக்கோ, துயாரா. உன் கை..."

"வாயை மூடு!"

கொஞ்ச நேரத்தில் கெஸ்கில் அலறினான். "ஆ! எரியுது! ஊசி குத்துற மாதிரி இருக்கு!"

"எரியுதா? நல்லா எரியுதா?" துயாரா குதித்தாள். "அப்படின்னா கன்னத்துக்கு உயிர் வந்துடுச்சு!"

இரண்டு பேரும் தெருமுனையில் இருந்த என் கடைக்குள் ஓடிவந்தார்கள். கதையை மூச்சு வாங்கச் சொன்னார்கள். துயாராவின் விரல்களை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தேன். முப்பது வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். எத்தனையோ வீரர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். இந்தச் சின்னப் பெண்ணைப் போல ஒருத்தியை நேரில் பார்த்தது அன்றுதான்.

உடம்பு சூடேறியதும் அவர்கள் கிளம்பினார்கள். வாசலில் கெஸ்கில் நின்றான். அவளுக்கு முன்னால் வந்து முகவாயை உயர்த்தினான்.

"பார்த்துச் சொல்லு."

துயாரா நிதானமாகப் பார்த்தாள். நெற்றி, மூக்கு, இரண்டு கன்னம், இரண்டு காது.

"எல்லாம் சிவப்பு. போகலாம்."

அவன் கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் அவளோடு நடந்தான்.