ஐந்து இலைப் பை

மனமானி இயந்திரத்தின் தட்டில் உள்ளங்கையை வைக்கும்போது பூமியை நினைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். காந்திபுரம் தாவரப்பொருள் அங்காடியின் வரிசையில் நின்றவர்கள் கண்ணை மூடி, காடு, மழை, கடலாமை என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். தாரிணியும் ஓர் ஆமையை மனத்தில் பிடித்து நிறுத்தப் பார்த்தாள். அது கழுத்தைத் திருப்பி, அவளுடைய ஓரகத்தி ரஞ்சனியின் முகத்தோடு சிரித்தது.

கள்ளியும் வாழையும் விளைகிற அளவுக்குத்தான் பொருள் செய்ய முடியும். ஆகவே உண்மையான அக்கறை உள்ளவர்களுக்கே விற்பது என்று ஏற்பாடு. நாடியையும் வியர்வையையும் படித்து, வாங்குகிற பொருளில் மனமானி ஐந்து இலை வரை முத்திரை பொறிக்கும். ஓர் இலைகூட விழாவிட்டால் நெகிழிதான் கதி.

ரஞ்சனியின் கள்ளித்தோல் பையில் ஐந்து இலை. மாமியார் எதிரே வந்தால் முத்திரை தெரிகிற பக்கமாகத் திருப்பி மாட்டிக்கொள்வாள். "மனசு இருக்கறவளுக்குத்தான் இதெல்லாம் கிடைக்கும்" என்று மாமியார் சொன்னது ரஞ்சனியைப் பார்த்து, தைத்தது தாரிணிக்கு. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

முன்னால் நின்ற பெரியவர் கத்தினார். "வாழ்நாள் பூரா மரம் நட்டவனுக்கு ஒத்தை இலையா?"

தாரிணியின் முறை வந்தது. ஆமை வரவேயில்லை. அந்தப் பையோடு ரஞ்சனி மட்டுமே வந்தாள். உள்ளங்கை கொதித்தது.

ஐந்து இலை.

பேருந்தில் தன் புதுக் கள்ளித்தோல் பையை மடியில் வைத்துத் தடவியபோதுதான் உறைத்தது. இதயம் எவ்வளவு அடித்துக்கொள்கிறது என்பது இயந்திரத்துக்குத் தெரியும். எதற்காக என்று தெரியாது. அப்படியானால் ரஞ்சனி?

ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுச் சமையலறையில் ரஞ்சனியின் கண் நேராகப் பைக்குப் போனது.

"எத்தனை இலைங்க்கா?"

"உனக்கு விழுந்த அதே அஞ்சு. உண்மையச் சொல்லு, கை வெச்சப்போ என்ன நெனச்சே?"

"பூமியத்தான்."

"ரஞ்சனி..."

அவள் தேங்காய் துருவுவதை நிறுத்தினாள். "உங்க தாமரைத்தண்டு நார்ச் சேலைங்க்கா. மனமானி வர்றதுக்கு முன்னாடி எடுத்தீங்களே. அத நீங்க காதுகுத்துக்குக் கட்டிட்டு வந்தப்போ, ரெண்டு நாள் எங்க வீட்டுக்காரர்கிட்ட நான் பேசலை."

தாரிணிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ரஞ்சனிக்கும். "அங்க என்னடி கூத்து?" என்று கூடத்திலிருந்து கேட்ட மாமியார், நெகிழிச் செருப்பைக் கழற்றிவிட்டு வெடித்த குதிகாலைச் சொறிந்துகொண்டிருந்தார்.

மறுநாள் இருவரும் சேர்ந்தே அங்காடிக்குப் போனார்கள். வாழைநார்ச் செருப்பு ஒரே ஒரு ஜோடிதான் மிச்சம் இருந்தது. மாமியாரின் அந்தக் குதிகாலையே நினைத்துத் தாரிணி கை வைத்தாள். திரையில் எழுத்து வந்தது: மனப்பான்மை போதவில்லை. ரஞ்சனி வைத்தாள். அதே எழுத்து.

"அக்கா, என்னைப் பாத்துக் கொஞ்சம் வயித்தெரிச்சல் படுங்களேன்."

"முயற்சி பண்றேன்டி. வர மாட்டேங்குது!"

பின்னால் நின்ற பெண்ணோ அவர்களுடைய தோள்களில் தொங்கிய இரண்டு பைகளையும், ஐந்தைந்து இலைகளையும் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் விலகியதும் தட்டில் கையை அழுத்தினாள். திரையில் ஐந்து இலையும் ஒன்றாய் எரிந்தன. செருப்பு தன் காலுக்குச் சேருமா என்றுகூடப் பார்க்காமல் அவள் அதை எடுத்துக்கொண்டு போனாள்.