எட்டாம் கட்டிலின் கைப்பட்டை

அந்த வார்டுக்குள் நான் இரண்டாம் தடவையாக நுழைந்தபோது மணி மதியம் இரண்டே முக்கால். தோளில் பை, பைக்குள் ஆறு புதிய ஸ்கேனர்கள். பெயின்ட் அடிப்பதற்காக நோயாளிகளை எதிர்க் கட்டிடத்துக்கு மாற்றியிருந்தார்கள். இருபது கட்டில்களிலும் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். ஜன்னல்களில் தொங்கிய பச்சைத் துணி வெயிலை வடிகட்டியதில் வார்டு முழுக்க ஒரு மங்கல். பெயின்ட் வாசனைக்கு அடியில் பினாயில் வாசனை. அதற்கும் அடியில் இன்னொரு வாசனை, ரொம்ப நாளாக மூடிவைத்த பாத்திரத்தைத் திறந்தது போல.

வாசலிலேயே ஹெட் சிஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"அஞ்சு மணிக்குள்ள முடிச்சிடுங்க. உங்களுக்காக நான் இங்க காவல் காக்க முடியாது."

"முடிச்சிடுவேன் சிஸ்டர்."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்களாம்."

போன தடவை நான் என்ன செய்துவிட்டுப் போனேன் என்பது அவருக்குத் தெரியாது. அவர் அப்போது இந்த வார்டில் இல்லை. தெரிந்த ஆள் என் மச்சினி. என் மனைவியின் தங்கை. இதே வார்டில் நர்ஸாக இருந்தவள், எட்டு மாதமாக வேலையில்லாமல் அவள் அம்மா வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

விஷயம் இதுதான். ஊசி போடும் முன் நர்ஸ் இரண்டை ஸ்கேனரால் படிக்க வேண்டும்: நோயாளியின் மணிக்கட்டில் இருக்கும் பார்கோடு பட்டை, மருந்துப் பொட்டலம். இரண்டும் ஒரே ஆளுக்கு உரியவை என்றால் திரையில் பச்சை வரும். இல்லையென்றால் சிவப்பு. இரண்டு வருடத்துக்கு முன் நான் மாட்டிய ஸ்கேனர்கள் கையில் வளைந்திருக்கும் பட்டையைப் படிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தன. அதைச் சரிசெய்ய அரை நாள் ஆகும். எனக்கு வேறு இடத்தில் வேலை காத்திருந்தது. அதனால் ஒவ்வொரு நோயாளியின் பட்டைக்கும் ஒரு நகல் எடுத்து, ஒரு தாளில் வரிசையாக ஒட்டி, மருந்து ட்ராலியின் மூடிக்கு உள்பக்கம் பதித்தேன். பக்கத்தில் என் மார்க்கரால் கட்டில் எண்களை எழுதினேன்.

"கையைத் தூக்கிப் பிடிச்சு ஏன் கஷ்டப்படறீங்க. இதைப் படிங்க. பச்சை வந்தா போதும்," என்றேன்.

எல்லோருக்கும் சந்தோஷம். ஆள் மாறும்போது நகலையும் மாற்றி ஒட்டிக்கொண்டார்கள். ஒரு காலையில் மட்டும் மறந்துவிட்டார்கள். எட்டாம் கட்டிலில் இருந்தவரை ஜன்னலோரத்துக்கு மாற்றி, அந்த இடத்தில் புதிதாக ஓர் அம்மாவைப் படுக்க வைத்தார்கள். தாளில் பழைய ஆளின் நகலே இருந்தது. என் மச்சினி அதைப் படித்தாள். பச்சை வந்தது. யாருக்கோ எழுதிய மருந்து அந்த அம்மாவின் உடம்பில் ஏறியது.

உயிர் போகப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை என்றார்கள். அந்த அம்மாவின் கையில் கட்டியிருந்த பட்டையை எந்த மெஷினும் ஒரு தடவைகூடப் படித்திருக்கவில்லை.

விசாரணையில், இந்தக் குறுக்கு வழியைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று மச்சினியைக் கேட்டார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. அக்கா புருஷனை மாட்டிவிட மனம் வரவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் கணினியைத் துருவினார்களே தவிர, ட்ராலியின் மூடியைத் தூக்கிப் பார்க்கவில்லை. இன்னும் இரண்டு நாளில் கடைசி விசாரணை. அதோடு அவள் வாழ்நாள் முழுக்க ஊசியைத் தொட முடியாது. நான் எழுதும் ஒரு கடிதம் போதும், அவள் தப்பிப்பாள்.

நான் அங்கே போனது கடிதம் எழுத இல்லை. என் கையெழுத்து இருந்த அந்தத் தாளைக் கிழித்து எடுக்க. கேவலம் என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

ஹெட் சிஸ்டர் தன் கண்ணாடி அறைக்குள் போய்விட்டார். நான் மேசையில் கடையைப் பரப்பினேன். ஸ்கேனர் பார்ப்பதற்கு முடி உலர்த்தும் மெஷின் மாதிரி இருக்கும். விசையை அழுத்தினால் சிவப்பாக ஒரு கோடு விழும். அது எதைப் படிக்கிறதோ அந்த எண்ணைக் கணினியில் தானாகத் தட்டச்சு செய்துவிடும். ஒரு தடவை கீச்சென்றால் படித்துவிட்டது. மூன்று தடவை தாழ்வாகக் கத்தினால் படிக்கவில்லை. கூடவே ஒரு கையேடு வரும், பக்கம் பக்கமாகப் பார்கோடுகள். பழைய ஞாபகத்தை அழிக்க ஒன்று, ஸ்டாண்டோடு இணைக்க ஒன்று, வளைந்த பட்டையைப் படிக்க வைக்க ஒன்று. வரிசையாகப் படித்துக்கொண்டே போனால் ஸ்கேனர் சொன்ன பேச்சைக் கேட்கும்.

இந்தத் தடவை ஒழுங்காகச் செய்வோம் என்று, 1234 என அச்சடித்த சோதனைப் பட்டை ஒன்றை என் இடது மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன். கணினியில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்தேன். முதல் ஸ்கேனரை என் கையில் காட்டினேன். கீச். 1234. வளைவிலும் அழகாகப் படித்தது. இரண்டாவதும் அப்படியே. அதை ஸ்டாண்டில் வைத்துவிட்டு மூன்றாவதை எடுக்கக் குனிந்தேன்.

கீச்.

ஸ்டாண்டில் இருந்த ஸ்கேனர்தான். யாரும் தொடவில்லை. திரையில் 1234க்குக் கீழே ஒன்பது இலக்கத்தில் ஒரு எண் வந்திருந்தது.

வெளிச்சம் பட்டுப் படித்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையேட்டைப் புரட்டி அதன் ஞாபகம் முழுவதையும் அழித்தேன். திரும்ப இணைத்தேன். ஸ்டாண்டைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன்.

கீச். அதே எண்.

எரிச்சலாக இருந்தது. பயம் இன்னும் வரவில்லை. பழைய ட்ராலி எட்டாம் கட்டிலின் அருகில் நின்றது. யாரோ வேண்டுமென்றே அங்கே நிறுத்தி வைத்தது போல. கையில் ஒரு ஸ்கேனரோடு போய் மூடியைத் தூக்கினேன். தாள் அப்படியே இருந்தது, ஓரம் மட்டும் பழுப்பேறி. என் மார்க்கர் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி இழுத்தேன். கிழியும் சத்தம் அந்த வெற்று வார்டில் அளவுக்கு மீறிக் கேட்டது. தாளைச் சட்டைக்குள் திணிக்கும்போது விரல் விசையில் பட்டுவிட்டது.

சிவப்புக் கோடு கட்டிலின் மேல் விழுந்தது. வெறும் இரும்புக் கட்டில். கோடு நேராக விழுந்திருக்க வேண்டும்.

அது நடுவில் வளைந்திருந்தது. ஒரு கையின் மேல் விழுந்தால் எப்படி வளையுமோ அப்படி.

கீச்.

"என்ன சத்தம் அங்க?" ஹெட் சிஸ்டர் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். மேசையில் இருந்த திரையைப் பார்த்தவர் அப்படியே நின்றார். "இது விசாரணை ஃபைல்ல இருக்கற நம்பராச்சே, உங்களுக்கு எப்படிக் கிடைச்சது?"

"மெஷின் தப்பாப் படிக்குது சிஸ்டர். சரி பண்ணிடறேன்," என்று மேசைக்கு ஓடினேன்.

அவர் என்னை நம்பவில்லை. என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து, மருத்துவமனைப் பதிவைத் திறந்து, அந்த எண்ணைத் தேடினார். ஒரு பெண்ணின் பெயர் வந்தது. எட்டாம் கட்டில். இறந்த தேதி. அதற்குக் கீழே ஒரு வரி.

கைப்பட்டை முதன்முறை படிக்கப்பட்டது: இன்று, மூன்று பன்னிரண்டு.

"இந்த அம்மாவோட பட்டையை யாருமே படிக்கலன்னுதான் அந்தப் பொண்ணை நிறுத்தி வெச்சிருக்காங்க," என்றார் ஹெட் சிஸ்டர், குரலைத் தாழ்த்தி. "உடம்போட சேர்த்து எரிச்ச பட்டை அது. நீங்க எதைப் படிச்சீங்க?"

பேச்சை மாற்றுவதற்காக, "என் பட்டையைத்தான் படிச்சேன், பாருங்க," என்று ஸ்கேனரை என் மணிக்கட்டில் காட்டினேன்.

கீச்.

திரையில் 1234 வரவில்லை.

கத்தரிக்கோலை எடுத்துப் பட்டையை வெட்டி எறிந்தேன். வெறும் தோலில் காட்டினேன்.

கீச்.

விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டேன்.

கீச். கீச். கீச்.

ஆறு ஸ்கேனர்களும் கத்தின. அவற்றில் மூன்றை நான் பெட்டியிலிருந்துகூட எடுத்திருக்கவில்லை. திரையில் அந்த ஒரே எண் வரிக்கு வரி இறங்கிக்கொண்டே போனது. அந்த மூடிய பாத்திர வாசனை என் முகத்துக்கு நேராக வந்தது. அப்போது என் இடது மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள். நாடி பார்ப்பது போல, கட்டைவிரல் ஒரு பக்கம், மூன்று விரல்கள் மறுபக்கம். அவ்வளவு குளிர்ச்சி. நாடி பார்ப்பவர்கள் மெதுவாகப் பிடிப்பார்கள். இந்தப் பிடி இறுகிக்கொண்டே போனது, எலும்பு நெரியும்வரை.

நான் சட்டைக்குள்ளிருந்து தாளை உருவி ஹெட் சிஸ்டர் முன்னால் போட்டேன்.

"நான்தான். நான்தான் ஒட்டினேன். எழுத்து என்னோடது. எழுதித் தந்துடறேன்."

சத்தம் நின்றது. பிடி மட்டும் தளரவில்லை. வலது கையால் அந்தக் கடிதத்தை எழுதினேன். கையெழுத்துப் போட்ட பிறகுதான் என் கை எனக்குத் திரும்பக் கிடைத்தது. ஹெட் சிஸ்டர் கடிதத்தை மடித்தபடி, "எட்டு மாசம். எப்படித் தூங்குனீங்க?" என்று கேட்டார். அவர் என் மணிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு விரல் தடம், நீலமாக.

மச்சினிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. என் மனைவி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. நான் வேலை பார்த்த நிறுவனம் என்னை வெளியே அனுப்பியது. எனக்கு நியாயமாகத்தான் பட்டது. எல்லாம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். தடம் மட்டும் மறையவில்லை.

ஐந்து மாதம் கழித்து, நேற்று முன்தினம், வயிற்று வலி தாங்காமல் சுருண்டு விழுந்தேன். பக்கத்தில் இருந்தது இந்த மருத்துவமனைதான். குடல்வாலை எடுத்துவிட்டார்கள். கண் விழித்தபோது பதினைந்தாம் கட்டிலில் கிடந்தேன். இன்று காலையில் அங்கே மேலே தண்ணீர் ஒழுகுகிறது என்று என்னை மாற்றினார்கள்.

எட்டுக்கு.

பத்து மணிக்கு மச்சினி ட்ராலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். என்னிடம் அவள் இப்போதெல்லாம் அளந்துதான் பேசுகிறாள்.

"கையைக் காட்டுங்க மாமா. இப்பல்லாம் கையைத்தான் படிக்கணும்."

காட்டினேன். கீச். அவள் திரையைப் பார்த்தாள். முகம் வெளுத்தது. திரையை என் பக்கம் திருப்பினாள். பச்சை. பச்சைக்கு மேலே அந்த அம்மாவின் பெயர். கீழே அன்றைக்குத் தப்பாகப் போன அதே மருந்தின் பெயர், 'போட வேண்டியது' என்று.

அவள் ஊசியைத் தொடவில்லை. பட்டையை வெட்டி, வேறொன்று அச்சடித்து, கட்டி, படித்தாள். இந்தத் தடவை என் பெயர் வந்தது. இரண்டு தடவை, மூன்று தடவை படித்துப் பார்த்தாள். எல்லாம் சரி.

"ஏதோ கோளாறு. சரியாயிடுச்சு. அடுத்த டூட்டி சிஸ்டர்கிட்ட பேரைப் பாத்துப் போடச் சொல்லிட்டுப் போறேன்," என்றாள். போகும்போது நின்று, என் மணிக்கட்டை ஒரு தடவை பார்த்தாள். "அந்த அம்மா கடைசியா என் கையை இப்படித்தான் பிடிச்சாங்க மாமா."

இரண்டு மணிக்கு அவள் டூட்டி முடிந்து போய்விட்டாள். வயிற்றில் தையல், கையில் ட்ரிப். எழுந்து ஓட முடியாது. ஒரு நோட்டை மடியில் வைத்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், யாராவது ஒருவருக்குத் தெரியட்டும் என்று. மனைவி சாப்பிடப் போயிருக்கிறாள். புது சிஸ்டர் வேலைக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகிறதாம். ரொம்ப வேகம் என்று எல்லோரும் புகழ்கிறார்கள்.

ட்ராலி வருகிறது. ஆறாம் கட்டிலில் கீச். "பச்சை," என்கிறாள் அவள், தனக்குத்தானே.

"சிஸ்டர், எனக்கு வரும்போது பேரைப் படிங்க," என்கிறேன்.

"பச்சை வந்தா போதும் சார்."

ஏழாம் கட்டிலில் கீச். "பச்சை."

பெயின்டும் பினாயிலும் இல்லை. அந்த மூடிய பாத்திர வாசனை மட்டும்தான் இருக்கிறது. ட்ராலி இன்னும் ஏழாம் கட்டிலைத் தாண்டவில்லை. ஸ்கேனரை அவள் ட்ராலிமேல் வைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்று மருந்தை ஊசியில் உறிஞ்சி எடுக்கிறாள்.

என் மணிக்கட்டில் சிவப்புக் கோடு விழுந்திருக்கிறது.

கீச்.

"எட்டும் பச்சை," என்கிறாள், திரும்பிப் பார்க்காமலே.