ஹீட்சிங்குக்கு அடியில்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கார் விக்கத் தொடங்கியது. நேற்று வரை வழுக்கிக்கொண்டு ஓடிய கேமில், இன்று ஒவ்வொரு வளைவிலும் திரை அரை நொடி உறைந்து, பிறகு ஒரு உதறலோடு நகர்ந்தது.

சுடலைமுத்து சிப்காட்டில் லேத் ஓட்டுபவன். வாரம் முழுக்க மெஷினின் கூலன்ட் எண்ணெய் வாடையில் நிற்பவனுக்கு, லீவு நாளில் இரண்டு மணி நேரம் இந்தக் கேம்தான் சந்தோஷம். காலையில்தான் பிரவுசிங் சென்டருக்குப் போய், கிராபிக்ஸ் கார்டை இயக்கும் சாஃப்ட்வேரான டிரைவரின் புது வெர்ஷனைப் பென் டிரைவில் ஏற்றிவந்து போட்டிருந்தான். இன்னும் வேகமாக ஓடும் என்று நினைத்தான். நடந்தது நேர்மாறு.

தளி ரோட்டில் இருந்த அந்த மாடி வீட்டுக்குள் தூறலின் ஈரம் நிறைந்திருந்தது. உள்ளறையில் ஏழு மாதக் கர்ப்பிணியான ஜெயமணி தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் விழித்துவிடாதபடி ஒலியைக் குறைத்துக்கொண்டு, புது டிரைவரை நீக்கிவிட்டுப் பழையதையே போட்டுப் பார்த்தான். படத்தின் தரத்தைக் குறைத்தான். விக்கல் நிற்கவில்லை.

பாகங்களை வாங்கிக் கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து கொடுத்த மோகன்குமாருக்குப் போன் போட்டான்.

"டிரைவர் பழசுக்கே மாத்தியும் இப்படின்னா கார்டு சூடாவுதுண்ணா. சிப்போட சூட்டை இழுக்க மேல ஒரு ஹீட்சிங்க் இருக்கும், அதைக் கழட்டுங்க. அடியில சூடு கடத்தற பேஸ்ட்டு காஞ்சு கெடக்கும், நல்லா சுரண்டி வைங்க. புதுசு நான் சாயந்தரம் கொண்டாறேன்."

பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கம்ப்யூட்டர் கேபினட்டைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. பக்கெட்டில் மூன்று நாள் ஊறவைத்து மறந்துபோன துணியின் நாற்றம்; அதற்கும் அடியில், புண்ணிலிருந்து கட்டைப் பிரிக்கும்போது வரும் அந்தத் தித்திப்பான வாடை. எலி செத்திருக்கும் என்று டார்ச் அடித்துத் தேடினான். எலி இல்லை. கார்டின் சின்ன ஃபேன் இறக்கைகளில் மஞ்சளாக எதுவோ படிந்திருந்தது. விரலால் வழித்தான். காதுக் குறும்பி போலப் பிசுபிசுத்தது. லுங்கியில் துடைத்தான். போகவில்லை.

திருகுகளைக் கழற்றினான். சிப்பின் மேல் உட்கார்ந்திருந்த அலுமினிய ஹீட்சிங்க் அசையவில்லை. அணைத்து அரை மணி நேரம் ஆகியும் அது வெதுவெதுப்பாகவே இருந்தது. மயிரோடு சேர்த்துப் பிளாஸ்திரியைப் பிய்ப்பது போன்ற சத்தத்தோடு, இழை இழையாகச் சளி நீண்டு அறுபட, அது கையோடு வந்தது.

அடியில் சிப் தெரியவில்லை. பேஸ்ட்டும் இல்லை.

நான்கு விரல் அகலத்துக்கு, சதுரமாக, மாநிறத்தில், ஈரமாக ஒன்று ஒட்டியிருந்தது. அதில் துளித்துளியாகக் குழிகள். குழிக்கொரு பூனைமயிர். அவன் குனிந்தபோது மூச்சுக்காற்று பட்டது. மயிர்கள் சிலிர்த்து நின்றன.

ஓடிப்போய் வாஷ்பேசினில் வாந்தி எடுத்தான். சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினான். பூஞ்சைதான், மழைக்காலத்தில் வராதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மோகன்குமாரும் சுரண்டத்தானே சொன்னான்.

சவர பிளேடை எடுத்துவந்தான்.

முதல் கீறலில் மூலை எழும்பியது. ஆறிய பாலின் ஆடை போலப் பிளேடில் சுருண்டது. அடியிலிருந்து இளஞ்சிவப்பாக நீர் கசிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு உரித்தான். இழுத்தான். அறுத்தான். மொத்தமும் கழன்று செய்தித்தாளில் சொத்தென்று விழுந்தது. கீழே சிப் பளபளத்தது. அவ்வளவுதான், முடிந்தது.

"ஏங்க..." உள்ளறையிலிருந்து ஜெயமணி தூக்கக் குரலில் கூப்பிட்டாள். "முதுகு அரிக்குது. கொஞ்சம் வந்து சொறிஞ்சு விடுங்க."

உள்ளறையின் வாசல் வரை போனான்.

அவள் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, நைட்டியைத் தோளுக்குக் கீழே இறக்கிவிட்டிருந்தாள். தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரு சதுரம். ஸ்கேல் வைத்து வெட்டியது போன்ற ஓரம். தோல் இல்லை. ரத்தமும் இல்லை. காய்ந்த பேஸ்ட், சாம்பல் நிறத்தில், வெடித்துப்போய் அப்பியிருந்தது. வெடிப்புகளுக்குள் எதுவோ துடித்தது.

அவன் வாசலிலேயே நின்றான்; கைகள் இரண்டும் கதவு நிலையைப் பிடித்திருந்தன.

"இன்னும் கொஞ்சம் கீழங்க," என்றாள்.

சதுரத்தின் நடுவே, நகங்கள் கீறியது போல, நான்கு கோடுகள் தானாக இறங்கின. சாம்பல் பொருக்குகள் உதிர்ந்து போர்வையில் விழுந்தன.

"ஆமா. அங்கதான்."