நெற்றி தேடும் கை

மருத்துவமனை மூடிப் பல வருஷமாகியும் அந்த நீண்ட வார்டை விட்டு மருந்து வாடை போகவில்லை. கதவைத் தள்ளித் திறந்ததும் சின்னவள் மூக்கைச் சுளித்தாள்.

"அக்கா, இப்பதான் யாரோ ஊசி போட்டுட்டுப் போன மாதிரி இருக்கு."

பெரியவளின் கண் அதற்குள் வார்டின் கடைசிச் சுவரில் இருந்த ஜன்னலுக்குப் போய்விட்டது.

அக்காவும் தங்கையும் சேர்ந்து வண்ணக் கண்ணாடிப் பட்டறை ஒன்றை நடத்திவந்தார்கள். பெரியவள் கண்ணாடியின் மேல் முகம், விரல், துணி மடிப்பு எல்லாம் தீட்டிச் சூளையில் சுட்டெடுப்பாள். சின்னவள் துண்டுகளை வெட்டி, ஈயப் பட்டையில் கோத்துப் பற்றவைப்பாள். "படிச்ச கை அவளோடது, உழைக்கிற கை என்னோடது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பது சின்னவளின் வழக்கம். அம்மா போனபோது சின்னவளுக்குப் பால் பல் விழுகிற வயசு. அன்றிலிருந்து அவளுக்குத் தலை வாரியது, சோறு ஊட்டியது, காய்ச்சல் வந்தால் கண் விழித்தது எல்லாம் பெரியவள்தான். இப்போது இருவருக்கும் நரை எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டது. ஆனாலும் சின்னவள் இருமினால் பெரியவளின் கையில் தூரிகை நின்றுவிடும்.

கட்டடத்தை முதியோர் இல்லமாக மாற்றப்போகிறார்கள். ஜன்னலைக் கழற்றி, பழுது பார்த்து, திரும்ப மாட்டித்தர வேண்டும். அதற்காகத்தான் வந்திருந்தார்கள்.

ஆள் உயரத்துக்கு மேலே எழும்பி நின்றது அந்த ஜன்னல். நீல உடையில் ஒரு நர்ஸ் குனிந்து நிற்கிறாள். முகம் பாதி நிழலில் இருக்கிறது. வலது கை மட்டும் முன்னால் நீண்டு, உள்ளங்கை கீழ்நோக்கி, யாருடைய நெற்றியையோ தொடப்போவதுபோல் இருக்கிறது. கீழே யாரும் இல்லை. ஈயம் தளர்ந்து ஜன்னல் வயிறு தள்ளியிருந்தது. ஆனால் அந்தக் கை துளியும் மங்காமல் இருந்தது.

"யார் செஞ்சதோ, கை வேலைன்னா இது கை வேலை" என்றாள் பெரியவள்.

சாயங்கால வெயில் ஜன்னலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தரையெல்லாம் நீலமும் பச்சையும் தண்ணீர் கொட்டியதுபோல் பரவிக் கிடந்தன. அதன் நடுவில் கையின் வெளிச்சம் விழுந்திருந்தது.

பெரியவள் குனிந்து பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

கண்ணாடியில் தீட்டிய கோடு தரைக்கு வந்துசேரும்போது கலங்கிவிடும். எவ்வளவு நுணுக்கமாக வரைந்தாலும் வெளிச்சத்தில் வெறும் நிறம்தான் மிஞ்சும். அவள் ஆயுசு முழுக்கப் பார்த்தது அதுதான். இங்கே நீலமும் பச்சையும் அப்படித்தான் கலங்கிக் கிடந்தன.

கையில் மட்டும் நகம் தெரிந்தது.

மணிக்கட்டில் ஈயத்தின் கறுப்புக் கோடு வளையல்போல் விழுந்திருந்தது.

சின்னவள் அதற்குள் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, தலையை அந்த வெளிச்சத்துக்குள் நீட்டிவிட்டாள். "சிஸ்டர், எனக்குக் காய்ச்சல் இருக்கான்னு கொஞ்சம் பாருங்களேன்."

"எந்திரிம்மா! எந்திரி!"

வாசலில் சாவிக்கொத்தோடு நின்றிருந்த கம்பவுண்டர் ஓடிவந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தார். மருத்துவமனை நடந்த காலத்தில் கம்பவுண்டராக இருந்தவர். மூடிய பிறகு சாவியும் அந்தப் பெயரும் அவரோடு தங்கிவிட்டன. வந்ததிலிருந்து சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டிருந்த மனுஷர். இப்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அங்க மட்டும் உக்காராதீங்கம்மா."

"ஏன் ஐயா?" என்றாள் பெரியவள்.

அவர் ஜன்னலைப் பார்க்காமல் பேசினார். ஒரு காலத்தில் கொள்ளை நோய் வந்ததாம். யாரும் கிட்டே வராத நேரத்தில் ஒரு நர்ஸ் மட்டும் இந்த வார்டை விட்டுப் போகவில்லையாம். சாகிறவர்கள் தனியாகச் சாகக் கூடாது என்று கடைசி மூச்சுவரை நெற்றியில் கை வைத்து உட்கார்ந்திருப்பாளாம். கடைசியில் அவளும் இங்கேயே போனாள். பிழைத்தவர்கள் சேர்ந்து இந்த ஜன்னலை வைத்தார்கள்.

"நான் வேலைக்குச் சேர்ந்த காலத்துல இந்தப் பக்கம் கட்டில் போட்டிருந்தோம். சாயங்காலம் அந்தக் கை யார் நெத்தியில விழுதோ, அவங்க விடியறதுக்குள்ள போயிடுவாங்க. நல்லாத் தேறி வந்தவங்ககூட. அப்புறம் கட்டிலையெல்லாம் அந்தக் கோடிக்குத் தள்ளிட்டோம்." சாவிக்கொத்தை இடுப்பில் செருகினார். "அது ஆளைக் கொல்லுதா, போறவங்களுக்குத் துணை இருக்க வருதா, எனக்குச் சொல்லத் தெரியலம்மா."

சின்னவள் புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "எனக்குச் சளி மட்டும்தான் ஐயா இருக்கு. அதுக்கெல்லாமா சிஸ்டர் வருவாங்க?"

அவள் சிரித்தாள். பெரியவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜன்னலைப் பகுதி பகுதியாகக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். கை இருந்த பகுதியைப் பெரியவள் மேற்குப் பக்கத்து ஜன்னலோரம், மரச்சட்டத்தில் நிறுத்தினாள். அழுக்கும் விரிசலும் வெளிச்சம் பட்டால்தான் தெரியும். எந்தக் கண்ணாடி வந்தாலும் அவள் முதலில் செய்வது அதுதான்.

முதல் சாயங்காலம் ஒன்றும் நடக்கவில்லை. எதிர்ச் சுவரில் நிறங்கள் விழுந்தன, மெல்ல ஏறின, மங்கின. கையும் அவற்றோடு மங்கியது. கம்பவுண்டர் சொன்ன கதையை நம்பித் தான் பயந்ததை நினைத்துப் பெரியவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

மறுநாள் சின்னவள் மேசையில் குனிந்து பழைய ஈயத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பெரியவள் முகத்துண்டில் படிந்த கரியைப் பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தாள். வெயில் சாய்ந்தது. சுவரில் நீலம் ஏறத் தொடங்கியது. பச்சையும் ஏறியது.

சூரியன் இறங்க இறங்க வெளிச்சம் மேலேதான் போக வேண்டும்.

கை இறங்கியது.

பெரியவளின் கையிலிருந்த பஞ்சு அப்படியே நின்றது. சுவரில் இருந்த கை தரைக்கு வந்தது. தரையில் கிடந்த ஈயத் துண்டுகளின் மேல் வழுக்கி, மேசைக்காலைப் பற்றி ஏறியது. பாம்பைப்போல நெளியவில்லை. அவசரமும் படவில்லை. இருட்டில் நோயாளியைத் தேடும் கைபோல, தடவித் தடவி வந்தது.

சின்னவளின் முதுகில் ஏறியது.

கழுத்தில்.

"ஏய், நகரு!"

சின்னவள் துள்ளித் திரும்பினாள். "என்னக்கா? பல்லியா?"

அவள் திரும்பிய வேகத்தில் வெளிச்சம் கலைந்து சுவருக்குப் போனது. பெரியவள் சாக்கை எடுத்து அந்தக் கண்ணாடியை மூடினாள்.

"அந்த மனுஷன் ஏதோ உளறினார்னு நீயும் ஆரம்பிச்சிட்டியா? மூடி வெச்சா எப்படி வேலை நடக்கும்?"

"நாளைக்குத் திருப்பிக் கொடுத்துடலாம்டீ. இந்த வேலை நமக்கு வேண்டாம்."

"வயிறு தள்ளின ஜன்னலைப் பிரிச்சுப் போட்டுட்டு, அள்ளிட்டுப் போங்கன்னு சொல்வியா? நம்ம மூஞ்சியில காறித் துப்ப மாட்டாங்களா?" சின்னவள் பேசப் பேச மூச்சு வாங்கினாள். நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலுக்குக் கீழே பிடித்துவிட்டுக்கொண்டாள். "நின்னு நின்னு கால் வீங்கிப் போச்சு. நீ வேற படுத்தாத."

அடுத்த நாள் பெரியவள் அந்தக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டுபோய் வடக்குப் பக்கச் சுவரில் சாய்த்தாள். அங்கே வெயில் ஒருபோதும் வராது. மேலே சாக்கு. சாக்கின் மேல் பலகை. மனசு கொஞ்சம் ஆறியது. சூளையைப் பற்றவைத்து வேலையில் மூழ்கினாள்.

சாயங்காலம் சின்னவளின் குரல் கேட்டது, மிகவும் தாழ்வாக.

"அக்கா, ஃபேனைப் போட்டியா? தலை ஜில்லுன்னு இருக்கு."

மின்விசிறி ஓடவில்லை.

சின்னவள் நாற்காலியில் தலை சாய்த்திருந்தாள். அவள் நெற்றியில் கை இருந்தது. ஐந்து விரலும் பதிந்து, நகம் தெரிய, மணிக்கட்டில் கறுப்பு வளையலோடு. சாக்கும் பலகையும் வைத்த இடத்திலேயே இருந்தன.

பெரியவள் யோசிக்கவில்லை. பலகையைத் தள்ளினாள். சாக்கைக் கிழித்து எறிந்தாள். சுத்தியலை எடுத்து அந்தக் கையை ஓங்கி அடித்தாள். ஒரே அடியில் மணிக்கட்டு பிளந்தது. மறுபடி அடித்தாள். ஈயப் பட்டை வளைந்து, பிய்ந்து தொங்கியது. விரல்கள் பொடியாகித் தரையில் சிதறின. கடைசியில் அடிக்க எதுவும் இல்லாதபோதும் சுத்தியல் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

"என்னக்கா பண்ணிட்ட!" சின்னவள் எழுந்தாள். நெற்றியில் ஒன்றும் இல்லை. "அந்த மாதிரி கையை இனிமே யாரு…"

முடிக்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். பெரியவள் தாங்குவதற்குள் முழங்கால் மடங்கி, கண்ணாடிப் பொடியின் மேலேயே சரிந்தாள்.

காலில் உறைந்திருந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்கு ஏறிவிட்டது என்றார் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர். "கொஞ்சம் பிந்தியிருந்தாலும் சொல்றதுக்கு இல்லம்மா. எப்படி இவ்வளவு சீக்கிரம் தூக்கிட்டு வந்தீங்க?"

"பக்கத்துலதான் இருந்தேன்" என்றாள் பெரியவள்.

சின்னவள் பிழைத்தாள். கண் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அந்தக் கைக்கு என்ன பதில் சொல்லப்போற?" பெரியவள் அழுதுகொண்டே சிரித்தாள். "நானே வேற கை வரைஞ்சு தரேன் தாயே, நீ முதல்ல எந்திரி." தான் உடைத்ததனால்தான் தங்கை தப்பித்தாள் என்று அவள் மனசுக்குள் முடிவு கட்டியிருந்தாள். அதைச் சின்னவளிடம் சொல்லவில்லை.

பொது வார்டுக்கு மாற்றினார்கள். பக்கத்துக் கட்டிலில் பித்தப்பைக் கல் ஆபரேஷன் முடிந்து கிடந்த ஒரு டீச்சர் இருந்தாள். ஓயாத வாய். சின்னவள் வந்த நாளே, தன் தையல் பிரியும் அளவுக்குச் சிரித்து அவளையும் சிரிக்கவைத்தாள். "இந்தக் கல்லை எங்க ஹெட்மாஸ்டர் தலையில போடணும்னுதான் பத்திரமா வெச்சிருக்கேன்." மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று டீச்சரிடம் சொல்லியிருந்தார்கள்.

அன்று காலையிலிருந்தே மழை. சாயங்காலமாகியும் விடவில்லை. வெளியே வானம் ஈயத்தகடுபோல் இருந்தது. வார்டில் குழல்விளக்குகள் எரிந்தன. ஜன்னல்களில் வெறும் வெள்ளைக் கண்ணாடி, அதில் மழைத்தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

டீச்சர் போனில் மகளிடம் பேசிக்கொண்டிருந்தாள். "நாளைக்கு நானே வந்து தலை வாரி விடறேன்டா. அப்பா வாரினா கிளிக்கூடு மாதிரி இருக்கும்."

சின்னவள் தூங்கிக்கொண்டிருந்தாள். பெரியவள் அவள் போர்வையைச் சரிசெய்யக் குனிந்தாள்.

போர்வையின் மேல் வெளிச்சம் இருந்தது.

இளம் சிவப்பு. ஐந்து விரல். நகம்.

மணிக்கட்டில் கறுப்புக் கோடு இல்லை. மணிக்கட்டுக்குப் பின்னால் கை நீண்டது. முழங்கை தெரிந்தது. நீலச் சட்டை மடிப்பு தெரிந்தது. அதற்கும் பின்னால் இன்னும் ஏதோ சுவர் ஓரமாக நின்றது. பெரியவள் அங்கே பார்க்கவில்லை.

தங்கையின் நெற்றியின் மேல் தன் கையை வைத்து மூடிக்கொண்டாள். வெளிச்சம் போர்வையில் ஏறியது. நெஞ்சைத் தாண்டியது. பெரியவளின் புறங்கையின் மேல் வந்து நின்றது. பனிக்கட்டியைத் தொட்டதுபோல் இருந்தது. அவள் கையை எடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "என் பிள்ளைடீ இவ" என்று யாருக்கும் கேட்காமல் முணுமுணுத்தாள்.

வெளிச்சம் நகர்ந்தது.

தலையணையைத் தாண்டி, கட்டில் கம்பியைத் தாண்டி, பக்கத்துக் கட்டிலுக்குப் போனது.

பெரியவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. உடம்பெல்லாம் தளரும்படி ஒரு பெரிய நிம்மதி. அடுத்த மூச்சில் அந்த நிம்மதிக்கே வெட்கப்பட்டாள். எழுந்தாள்.

"சிஸ்டர்! இங்க வாங்க. இந்த டீச்சரைக் கொஞ்சம் பாருங்க."

நர்ஸ் ரத்த அழுத்தம் பார்க்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நாடி பார்த்தாள். அழுத்தம் பார்த்தாள். "எல்லாம் நல்லாத்தானே இருக்கு. நாளைக்கு வீட்டுக்குப் போறவங்கம்மா இவங்க."

"இன்னொரு தடவை பாருங்க. டாக்டரைக் கூப்பிடுங்க. தயவு செஞ்சு."

"என்னைப் பார்த்தா அவ்வளவு சீக்காளியாவா தெரியுது?" என்று டீச்சர் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். போன் மடியில் நழுவியது. மகள் 'அம்மா, அம்மா' என்று கூப்பிடுவது சின்னதாகக் கேட்டது.

டீச்சர் தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். காய்ச்சலில் கிடக்கும் குழந்தை அம்மா வந்ததும் ஆறுதலடைவதுபோல் அவள் முகம் இளகியது.

"நல்லா இருக்கு" என்றாள். "கையை எடுக்காதீங்க சிஸ்டர்."

நர்ஸ் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். அவளுடைய இரண்டு கைகளும் வண்டியின் மேல் இருந்தன.